எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ சொன்ன பிள்ளை

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பேச்சுப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு குழந்தையைப் பற்றி எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் தவறோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டதாம். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றார். “எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது” என்றேன். “உங்களுக்கா மேடம்?” என்று கேட்டார், கொஞ்சமும் நம்பாமல். என்னைப் போல ஓய்வு பெற்றவர்களைப் பற்றி உங்களுக்கெல்லாம் இருக்கும் நல்ல அபிப்பிராயத்தைக் கெடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆகவே என்னுடைய பெரிய தவறை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

கடலூரில் குழந்தைகள் மனநலப் பிரிவு ஒன்றில் பேச்சு, மொழிப் பயிற்சியாளராக இருந்தேன். வியாழக்கிழமை மட்டும் சிதம்பரம் போய்வருவேன். மனநலப் பிரிவில் பேச்சுப் பயிற்சிக்கு என்ன வேலை என்று என் சொந்தக்காரர்களே கேட்பார்கள். திக்குவாய்க்கும் மழலை மாறாத பிள்ளைகளுக்கும்தானே நீ என்பார்கள். பல வருடம் வேலை பார்த்த பிறகும் என் மனதின் ஒரு மூலையில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நிவேதா வந்தபோது தெரிந்தது. அவள் பெயர் அதுவல்ல, மாற்றியிருக்கிறேன்.

பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் குடும்பம். அப்பா டிராக்டரில் கரும்பு லோடு ஏற்றிப் போகிறவர். நெல்லிக்குப்பம் ஆலை ஓடுகிற மாதங்களில் அவர் வீட்டில் தங்குவதே அபூர்வம். அம்மா அங்கன்வாடியில் உதவியாளர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகப்போகிற முதல் ஆள் நிவேதாதான் என்று அம்மா முடிவு செய்திருந்தார். அதற்காகவே மகளைச் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில், விடுதியோடு சேர்த்துவிட்டிருந்தார்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்திருக்கிறது. பிச்சாவரம் சதுப்புக்காட்டை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மாதிரியாகச் செய்து வைத்திருந்தார்கள். களிமண்ணில் வேர்கள், நிஜத் தண்ணீர், அதில் குச்சியால் செய்த படகு. தொட்டி இருந்த மேஜைக்குப் பக்கத்தில் வைத்து, நிவேதா தன் வகுப்பில் படிக்கும் ஹரிணியைத் தள்ளிவிட்டாள். ஹரிணி தொட்டியின் மேலேயே விழுந்தாள். கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் ஏழு தையல். ஏன் தள்ளினாய் என்று ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கேட்டும் நிவேதா வாயைத் திறக்கவில்லை. முறைத்துக்கொண்டு நின்றாள் என்றார்கள். ஆத்திரக்காரப் பிள்ளை, கவுன்சலிங் கொடுத்து ஒரு கடிதமும் தாருங்கள் என்று பள்ளி எங்களிடம் அனுப்பியது.

எங்கள் மனநல மருத்துவர் அவளைப் பார்த்துவிட்டு, “பேசவே மாட்டேங்கறா, நீங்க ஒரு தடவ பாருங்க” என்று என் அறைக்கு அனுப்பினார். அன்றைக்கு என்னோடு வேலை பார்ப்பவர் விடுப்பு. வெளியே பெஞ்சு நிறையக் குழந்தைகள். கடிதம் எப்போது கிடைக்கும் என்று பள்ளியிலிருந்து இரண்டு முறை போன். நான் படங்களைக் காட்டினேன், நிவேதா பெயர்களைச் சொன்னாள். உச்சரிப்பு அத்தனை சுத்தம். ழகரம் கூடப் பிசகவில்லை. ‘பேச்சில் குறையில்லை’ என்று மனதுக்குள் கோடு போட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததைப் பற்றிக் கேட்டேன்.

“ஹரிணிய நீதான் தள்ளுனியா?”

“ஆமா.”

“அவ மேல கோவமா இருந்தியா?”

“ஆமா.”

“வேணும்னுதான் தள்ளுனியா?”

“ஆமா.”

யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை என்னிடம் பதில் சொல்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ‘மாணவி நடந்ததை ஒப்புக்கொள்கிறார். கோபத்தில், வேண்டுமென்றே செய்ததாகக் கூறுகிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளி அதை உடனே போனில் படமாகவும், மறுநாள் ஆள் விட்டுத் தாளாகவும் வாங்கிக்கொண்டது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

ஐந்தாவது நாள் காலையில் நான் அறையைத் திறக்கும்போதே தாயும் மகளும் வாசலில் நின்றார்கள்.

“மேடம், டீசி குடுக்கப் போறாங்களாம்” என்றார் அம்மா. “வியாழக்கெழம மீட்டிங்கு. நீங்க எழுதுன லெட்டரக் காட்டித்தான் சொல்றாங்க. ‘வேணும்னுதான் செஞ்சேன்னு அவளே ஒத்துக்கிட்டா, ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்க, இதுக்கு மேல நாங்க இன்னா பண்றது’ன்னு கேக்கறாங்க. வேற லெட்டரு ஒண்ணு எழுதித் தாங்க மேடம். இவ அப்பிடிப்பட்ட புள்ள இல்ல.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. தாய்மார்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் இது என்று ஒரு பக்கம் தோன்றியது. பேச்சை மாற்றுவதற்காக மகளிடம் கேட்டேன்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆமா.”

“எங்கடி சாப்ட்ட?” என்றார் அம்மா. “அஞ்சர பஸ்ஸப் புடிச்சி வரோம் மேடம். பச்சத் தண்ணி குடிக்கல.”

“அப்ப இன்னும் சாப்பிடலையா?”

“ஆமா.”

எனக்குச் சுருக்கென்றது. “பஸ்ல வந்தியா, ரயில்ல வந்தியா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றாள் நிவேதா. முகத்தில் முதல் நாள் இருந்த அதே தயாரான பார்வை, சரியாகச் சொல்கிறோமா என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டு.

அம்மா சிரித்தார். “அவ எல்லாத்துக்கும் ஆமான்னுதான் மேடம் சொல்லுவா. சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான். எதுத்துப் பேசவே தெரியாது.” அவருக்கு அது மகளின் அடக்கம். பெருமையாகத்தான் சொன்னார்.

அன்று காலை வந்த மற்ற பிள்ளைகளை மத்தியானத்துக்கு வரச் சொல்லிவிட்டு, முதல் நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தனிச் சொற்கள் அவளுக்குத் தெரியும். அவற்றை வாக்கியமாகக் கோத்துக் கொஞ்சம் வேகமாகச் சொன்னால் பாதியிலேயே அறுந்துபோகிறது. நேற்று நடந்த ஒன்றை முதலில் இது, பிறகு இது என்று வரிசையாகச் சொல்ல அவளால் முடியவே இல்லை. எட்டு வருடமாகப் பள்ளியில் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து எழுதி, கேள்வி வந்தால் ஆமா சொல்லி, ஒருவர் கண்ணிலும் படாமல் கடந்து வந்திருக்கிறாள். என் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள். தெளிவாகப் பேசுகிற பிள்ளைக்குக் கேட்பதெல்லாம் புரியும் என்று நம் எல்லோருக்குமே ஒரு நினைப்பு. எனக்கு அந்த நினைப்பு இருந்திருக்கக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மருத்துவரிடம் போய், “நான் எழுதினது தப்பு” என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் கதவுக்கு வெளியே சிறிது நேரம் நின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “மாத்தி எழுதுங்க” என்றார். “ஆனா அனுப்பாதீங்க. அனுப்பினா ரெண்டு லெட்டர் ஆயிடும், அவங்க தங்களுக்கு வேண்டியத எடுத்துக்குவாங்க. கையில எடுத்துக்கிட்டு நேர்ல போங்க.”

வியாழக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று புதுச்சத்திரம் தாண்டும் வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஓர் உபாயம் கிடைத்தது. எல்லோர் முன்னாலும் நிவேதாவிடம், “நீ யானை மேல ஏறியா பள்ளிக்கூடம் வந்தே?” என்று கேட்பது. ஆமா என்பாள். அவ்வளவுதான், ஒரே நிமிடத்தில் என் கடிதம் செல்லாததாகிவிடும். யாரும் மறுத்துப் பேச முடியாது. அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தலைமையாசிரியை அறையில் ஹரிணியின் அப்பா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கையில் கட்டுடன் ஹரிணி. எதிரே நிவேதாவும் அம்மாவும். ஓரமாக அறிவியல் ஆசிரியை, முப்பது வயதுக்குள் இருக்கும். நான் புதுக் கடிதத்தை மேஜையில் வைத்து, பழையது தவறு, தவறு என்னுடையது என்றேன்.

தலைமையாசிரியை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஹரிணியின் அப்பா முந்திக்கொண்டார்.

“போன வாரம் ஒண்ணு எழுதறீங்க, இந்த வாரம் ஒண்ணு எழுதறீங்க. எத நம்பறது நாங்க? அவுங்க அம்மா வந்து அழுதாங்க, நீங்க மாத்திட்டீங்க. அதானே?”

“அவங்க கேட்டது உண்மை சார். ஆனா அதுக்காக மாத்தல. அந்தப் பிள்ளைக்கு என் கேள்வி புரியலன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.”

“புரியாமயா ஆமான்னு சொன்னா? எங்க, இப்ப காட்டுங்க.”

நான் தேடாமலேயே வாய்ப்பு தானாக வந்து விழுந்தது. யானைக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் நிவேதாவைப் பார்த்தேன். கேள்வி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள். ஹரிணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டால் நிவேதா ஆமா என்பாள், அறையே சிரிக்கும், நான் ஜெயிப்பேன். சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்க ‘யானை’ என்பதே அவள் பெயராகியிருக்கும். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளை எந்தப் பெரியவரின் கேள்விக்கு வாயைத் திறப்பாள்?

“இங்க வேண்டாம் சார்” என்றேன். “எனக்கு அரை மணி நேரம் கொடுங்க. கண்காட்சி நடந்த ஹாலுக்குப் போயிட்டு வரேன். அவ, அவ அம்மா, சயின்ஸ் டீச்சர் மட்டும் வரட்டும்.”

“வந்து?” என்றார் தலைமையாசிரியை.

“ஒண்ணும் கிடைக்கலன்னா, கிடைக்கலன்னு வந்து சொல்றேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி நேரம்தான் மேடம். இன்னிக்கி முடிச்சாகணும்.”

ஹாலில் அந்த மேஜை அப்படியே இருந்தது. அதன் மேல் தொட்டிக்குப் பதிலாக நிவேதா அம்மாவின் சாப்பாட்டுப் பையை வைத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அன்னைக்கு. நீ. எங்கே?” என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கையை விரித்துக் காட்டினேன். நிவேதா யோசித்தாள். மேஜைக்கு வலப்பக்கம் போய் நின்றாள். “டீச்சர் எங்கே?” என்றேன். ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் அருகே கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு மெதுவாக நடத்திக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். “ஹரிணி?” என்றேன். அம்மாவை இழுத்து வந்து மேஜை முன்னால் நிறுத்தி, அவர் கையைத் தூக்கிப் பையின் மேல் வைத்தாள்.

அடுத்து அவள் செய்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கதவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடியும் கதவைப் பார்த்தாள், மறுபடியும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பையின் மேல் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். சட்டென்று அவர் தோளில் கை வைத்துத் தள்ளினாள்.

கதவுக்கு வெளியே நின்ற ஆசிரியை அப்படியே உள்ளே வந்தார்.

“நான்தான் மேடம் சொன்னேன்” என்றார். “சீஃப் கெஸ்ட்டக் கூப்பிடப் போறேன், நீ இங்கயே நில்லு, யாராவது தொட்டா எங்கிட்ட வந்து சொல்லுன்னு. இவ ரொம்ப அமைதி, சொன்னதக் கேப்பா, அதனாலதான் இவள நிக்க வச்சேன்.”

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்குப் புரிந்திருக்கிறது. தொட்டால் வந்து சொல்ல வேண்டும் என்பது வரை புரிந்திருக்கிறது. வந்து சொல்வது ஒன்றுதான் அவளால் முடியாது. ஓடிப் போய், யார், எதை, எப்போது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதற்குள் ஹரிணியின் கை தொட்டிக்குள் போயிருக்கும். வாயால் செய்ய வேண்டியதை அவள் கையால் செய்துவிட்டாள்.

“இத உள்ள வந்து சொல்வீங்களா?” என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போனது ஏன் என்ற கேள்வி தன் மேல் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க மேடம்” என்று எனக்கு முன்னால் நடந்தார். நான் இந்த வேலையில் பார்த்த துணிச்சலான காரியங்களில் அது ஒன்று. அவரைப் பற்றி யாரும் எங்கும் எழுதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே அவர் சொல்லி முடித்ததும், ஹரிணியின் அப்பா, “இருந்தாலும் தள்ளுனது தள்ளுனதுதானே?” என்றார். குரலில் சூடு குறைந்திருந்தது.

“தள்ளினது நிஜம் சார். அதை மாத்திச் சொல்ல நான் வரல. வேணும்னே காயப்படுத்தினான்னு நான் எழுதினேனே, அதுதான் பொய்.”

அதுவரை பேசாதிருந்த ஹரிணி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அவ ஃபர்ஸ்ட்டு வாயத் தொறந்தாப்பா. ஏதோ சொல்ல வந்தா. நான்தான் கண்டுக்கல. தொட்டியில இருந்த அந்த போட்டத் தள்ளி வச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்.”

“இத ஏண்டி மொதல்லயே சொல்லல?”

“யாரும் கேக்கலியேப்பா.”

உண்மைதான். ஹரிணியிடம் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், வேறெதுவும் யாரும் கேட்கவில்லை.

டீசி கொடுக்கவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று ஹரிணியின் அப்பா நிபந்தனை போட்டார், தலைமையாசிரியை ஏற்றுக்கொண்டார். நியாயம்தான், தையல் விழுந்தது அவர் மகளுக்கு. என் முதல் கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, ஏன் கோடு போட்டேன் என்று அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கோப்பைப் பின்னால் யாராவது புரட்டும்போது, ஒரு முறை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் நாளாகியது. இவ்வளவு காலம் அடக்கம் என்று கொண்டாடியதைப் போய் ஒருத்தி குறை என்கிறாளே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. “அப்ப எம்புள்ளைக்கு அறிவு கம்மியா மேடம்?” என்று ஒரு நாள் கேட்டே விட்டார். இல்லை, பாதி புரியாமலேயே எட்டாவது வரை வந்திருக்கிறாளே, அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு எனக்கு அவரை விட நல்ல கூட்டாளி கிடையாது. வீட்டில் அப்பாவையும் நிறுத்தி நிதானமாகப் பேச வைத்தார். டிராக்டர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய மனிதர் மெதுவாகப் பேசுவதைப் பார்த்துத் தெருவே அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்ததாம்.

வியாழக்கிழமைகளில் நிவேதா என்னிடம் வரத் தொடங்கினாள். நான் அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மூன்றே சொல். புரியல, மெதுவா, திரும்ப. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வர ஏழு வாரம் ஆயிற்று. பிறகு படங்களை அடுக்கி, முதலில் என்ன, அப்புறம் என்ன என்று சொல்லிப் பழகினோம். அறிவியல் ஆசிரியை தன் வகுப்பில் எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எண் போட்டு எழுதத் தொடங்கினார். அதில் மற்ற பிள்ளைகளுக்கும் வசதி என்று பிற ஆசிரியர்களும் செய்தார்கள்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துத் தலைமையாசிரியை என்னைப் போனில் கூப்பிட்டார். குரல் கறாராக இருந்தது.

“மேடம், உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு.”

“யாருங்க குடுத்தது?” என்றேன்.

“நிவேதா. அவளேதான் என் ரூமுக்கு வந்தா. கதவத் தட்டி, பர்மிஷன் கேட்டுட்டு வந்தா. சொன்னத அப்பிடியே படிக்கிறேன், எழுதி வச்சிருக்கேன். ‘ஃபர்ஸ்ட்டு அந்த மேடம் வேகமா பேசனாங்க. எனக்குப் புரியல. அப்புறம் நான் கையத் தூக்குனேன். அவுங்க பாக்கல. வாட்ச்சப் பாத்தாங்க. அப்புறம் புரிஞ்சிதான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். திரும்பவும் வேகமாத்தான் சொன்னாங்க.’ அவ்வளவுதான். இதுக்கு நான் இன்னா நடவடிக்க எடுக்கறது மேடம்?” கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றன் பின் ஒன்றாக எட்டு வாக்கியம். இடையில் யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரு பெரியவரைப் பற்றி இன்னொரு பெரியவரிடம். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்களை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அந்தக் கம்ப்ளெயின்ட்டின் நகலை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொன்று. அவள் சொன்னது சரி. அந்த வாரம் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன், நடுவில் வாட்ச்சைப் பார்த்ததும் உண்மை. அடுத்த வியாழக்கிழமை அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், “போன வாரம் நான் வேகமா பேசினேன். நீ கை தூக்கினதப் பார்க்கல. தப்பு என்னுதுதான்” என்றேன்.

நிவேதா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“பரவால்ல மேடம்” என்றாள். “இப்ப மெதுவா சொல்லுங்க.”